பாடக்குறிப்புக்காக ஞாயிற்றுக்கிழமையை இழக்காமலிருக்க

இலவச வளங்களுக்குப் பஞ்சமில்லை. பாடநூல் பிடிஎஃப், திக்‌ஷா, மணற்கேணி ஆகிய அரசுக் கற்றல் செயலிகள், கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழும் நாற்பது கோப்புகள் என்று கொட்டிக் கிடக்கின்றன. அப்படியிருந்தும் உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியருக்கு ஞாயிறு சாயங்காலம் முழுக்கப் பாடக்குறிப்பிலேயே போகிறது. எழுதுவதற்கு ஆகும் நேரம் அதில் கொஞ்சம்தான். மீதியைத் தேடுவது, கிடைத்ததைத் திறந்து பார்ப்பது, எழுத்துரு உடைந்து வந்ததைச் சரிசெய்வது, போன வாரம் எங்கே சேமித்தோம் என்று துழாவுவது ஆகியவை தின்கின்றன. அதனால் கீழே உள்ள வழிமுறை புதிய தளங்களை அடுக்காது. இருப்பதில் எதை எடுப்பது, எந்த வரிசையில் எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதைத்தான் சொல்கிறது.

முதலில் எண்ணிக்கை

வாரத்துக்கு முப்பது பாடவேளை இருந்தால் முப்பது தயாரிப்பு என்று மனம் மலைத்துப்போகும். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் கணக்கும் அறிவியலும் எடுப்பவருக்கு உண்மையில் இருப்பது ஆறு தயாரிப்பு. ஒவ்வொன்றும் சராசரியாக ஐந்து பாடவேளை ஓடும். ஒரு தாளில் இந்த ஆறையும் எழுதி, எதெது புதிய அலகு, எதெது போன வாரத்தின் தொடர்ச்சி என்று குறியுங்கள். பெரும்பாலான வாரங்களில் புதிய அலகு இரண்டோ மூன்றோதான் வரும். வளம் தேட வேண்டியது அவற்றுக்கு மட்டும். தொடர்ச்சிக்கு நிறுத்திய பக்க எண்ணும் மதிப்பீட்டு வினா ஐந்தும் போதும்.

மாறாத பகுதியை ஒருமுறை எழுதுங்கள்

படைப்பாற்றல் கற்றல் முறையில் குறிப்பு எழுதுபவர்களுக்கு அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்ற படிநிலைகள் மனப்பாடம். இவற்றில் பாதிக்கு மேல் வாரா வாரம் ஒரே வாக்கியம்தான். ‘மாணவர்கள் குழுவாக அமர்ந்து பாடப்பகுதியைப் படித்து அடிக்கோடிடுதல்’ என்பதை வருடம் முழுக்க நூறு தடவை எழுத வேண்டியதில்லை.

கூகுள் டாக்ஸில் பாடத்துக்கு ஒரு வார்ப்பு செய்துகொள்ளுங்கள். மாறாத வரிகள் எல்லாம் அதில் அப்படியே இருக்கட்டும். மாறுகிற இடங்களை மட்டும் மஞ்சள் நிறமிட்டு விடுங்கள்: அலகின் பெயர், பக்க எண்கள், கற்றல் விளைவு, அறிமுகக் கேள்வி, செயல்பாடு, மதிப்பீட்டு வினாக்கள். அலகின் தொடக்கத்தில் பாடநூலே கற்றல் நோக்கங்களைக் கட்டம் கட்டிக் கொடுத்திருக்கிறது. அதிலிருந்து அந்த வாரத்துக்கு உரிய இரண்டை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும், பாடத்துக்கு உதவாது. பாடக்கருத்தை விரித்து எழுதுவதும் வேண்டாம். அது புத்தகத்தில் இருக்கிறது. ‘பக்கம் 46 முதல் 48, இரண்டாம் பத்தி வரை’ என்றால் தீர்ந்தது.

கையால்தான் எழுத வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லும் பள்ளியிலும் இது செல்லும். வார்ப்பை ஏ4 தாளில் அச்செடுத்து, மஞ்சள் இடங்களைக் கோடிட்ட காலியிடமாக விட்டு, நாற்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்து நூலாகத் தைத்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் ஒரு பிரதியைத் தலைமையாசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். நாற்பது எடுத்த பிறகு ஒரு கட்டம் குறைகிறது என்றால் அத்தனையும் கிறுக்கல் தாளாகிவிடும்.

தட்டச்சு மெதுவாக இருந்தால் கைபேசியின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழை இயக்கி, ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திச் சொல்லுங்கள். வேகம் நன்றாகவே இருக்கும். ண-ன, ல-ள-ழ குழப்பங்களும் விட்டுப்போன ஒற்றுகளும் வரும், நிறுத்தற்குறியை நீங்கள்தான் இட வேண்டும். தமிழாசிரியர் என்றால் திருத்துவதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

மூன்று இடம், பதினைந்து நிமிடம்

ஒரு புதிய அலகுக்கு மூன்று இடங்களில் மட்டும் தேடுவது, பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லையா, பாடநூலில் உள்ள செயல்பாட்டையே நடத்துங்கள். இந்தக் கட்டுப்பாடு இல்லாமல்தான் ஒரு நல்ல வீடியோவைத் தேடப் போய் ஒன்றரை மணி நேரம் கழிந்து, கடைசியில் சமையல் வீடியோவில் போய் நிற்கிறோம்.

முதல் இடம் எப்போதும் பாடநூலேதான். அதிலுள்ள கியூஆர் குறியீட்டைத் திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கு இணைத்த வீடியோவோ பயிற்சியோ வரும். குறியீடு மங்கலாக இருந்தாலோ கேமரா பிடிக்காவிட்டாலோ, அதன் கீழே அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்து-எண் குறியீட்டைச் செயலியின் தேடல் கட்டத்தில் அடித்தால் போதும். வேண்டியதைச் செயலிக்குள்ளேயே பதிவிறக்கி வைத்தால் வகுப்பில் இணையம் இல்லாமல் ஓடும். சில குறியீடுகளைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. வகுப்பில் நின்று அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

இரண்டாவது, மேல்வகுப்புகளுக்கு மணற்கேணி செயலி. 2023இல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரையான வகுப்புப் பாடங்களைச் சிறு சிறு வீடியோக்களாகப் பிரித்து வைத்திருப்பதால் ஒரு பாடவேளைக்குள் அடங்கும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் வீடியோக்கள் யூடியூபில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் நீளம். முழுதும் போட்டுக் காட்டினால் அது உங்கள் வகுப்பு இல்லை, இன்னொருவர் வகுப்பு. பிள்ளைகளும் ஐந்தாவது நிமிடத்தில் பின்பெஞ்சுக் கதைக்குப் போய்விடுவார்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்து, படமோ சோதனையோ வரும் மூன்று நிமிடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பாடக்குறிப்பில் ‘6:10 முதல் 9:05 வரை’ என்று எழுதினால் அடுத்த ஆண்டும் உதவும்.

மூன்றாவது இடம் பாடத்தைப் பொறுத்தது. அறிவியலுக்கு, திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளான ஃபெட் சிமுலேஷன்கள். அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய திட்டம், பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. கணக்குக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள்; பாடநூலின் இணையச் செயல்பாட்டுப் பக்கங்கள் பலவும் அதைத்தான் காட்டுகின்றன. கையால் செய்யும் பொம்மைச் சோதனைகளுக்கு அரவிந்த் குப்தாவின் தளம்: ஸ்ட்ரா, தீப்பெட்டி, சைக்கிள் வால்வ் டியூப் என்று எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் பொருள்கள்தான். தமிழுக்கு மதுரைத் திட்டம். நம் ஊர்ப் பெயரோடு 1998 பொங்கல் நாளில் தன்னார்வலர்கள் தொடங்கிய மின்னூல் தொகுப்பு அது. செய்யுள்களை எந்தக் கருவியிலும் உடையாத யூனிகோடு எழுத்தில் நகலெடுக்கலாம், ஆனால் பழம்பதிப்புகளில் சீர்பிரிப்பும் சொற்களும் மாறியிருக்கும். தேர்வுக்குப் பாடநூலில் உள்ள வடிவமே செல்லும் என்பதால் வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டே ஒர்க்‌ஷீட்டில் போடுங்கள்.

தொடக்கப் பள்ளியின் நிலை வேறு. அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான எண்ணும் எழுத்தும் வகுப்புகளுக்கு ஆசிரியர் கையேடு நாள்வாரியாகவே இருக்கிறது. அதை நகலெடுத்து எழுதுவதில் பயனில்லை. அங்கே நேரத்தைத் தின்பது அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவுக்கும் வாசிக்க வெவ்வேறு பொருள் தருவது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகளை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், பிடிஎஃப் இலவசம். அந்த நிலைகளும் நம் மூன்று குழுக்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நம்பி இறங்க வேண்டாம். மொழிபெயர்ப்புக் கதைகளில் சில இடங்களில் தமிழ் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒருமுறை வாய்விட்டுப் படித்து, நீங்களே தடுக்கி விழும் கதையை ஒதுக்கிவிடுங்கள். உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் என்பதால் அச்சிடலாம், சொல்லை எளிதாக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டிவிடக் கூடாது.

ஓர் அலகு, அரை மணி நேரம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் நான்காம் அலகு மின்னோட்டவியல். மின்தடைகளைத் தொடரிலும் பக்க இணைப்பிலும் இணைக்கும் பகுதியை எடுத்துக்கொள்வோம்.

முதல் ஐந்து நிமிடம்: பாடநூலில் பக்க எண்களைக் குறித்து, எந்தத் தீர்க்கப்பட்ட கணக்கை வகுப்பில் செய்வது, எதை வீட்டுக்கு விடுவது என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்த பத்து நிமிடம்: ஃபெட் தளத்தில் நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் சிமுலேஷனை எடுத்துப் பதிவிறக்குங்கள். ஒரே கோப்பாக இறங்கும், உலாவியில் திறந்தால் இணையம் இல்லாமலே ஓடும். கைபேசியில் கோப்பைத் தொட்டதும் வேறு செயலியில் திறந்து வெள்ளைத் திரை காட்டினால், ‘இதனுடன் திற’ என்று கொடுத்துக் குரோமைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவில் ஏற்றி, ஹைடெக் லேப் கணினியிலோ ஸ்மார்ட் போர்டிலோ முன்தினமே ஒருமுறை திறந்து பாருங்கள். உலாவி மிகப் பழையதாக இருந்தால் திறக்காது.

உள்ளே மின்கலம் 9 வோல்ட், மின்தடை 10 ஓம் என்றே தொடங்கும். ஒரு மின்தடையும் ஒரு அம்மீட்டரும் சேர்த்தால் 0.9 ஆம்பியர். இன்னொரு 10 ஓமைத் தொடரில் சேர்த்தால் 0.45. அதையே பக்க இணைப்பில் மாற்றினால் மொத்த மின்னோட்டம் 1.8. இந்த மூன்று எண்ணையும் முன்பே உங்கள் குறிப்பில் எழுதி வையுங்கள். வகுப்பில் சுற்றைப் போடும் முன் எவ்வளவு வரும் என்று கேட்டு, ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிய பிறகே சாவியை மூடுங்கள். பக்க இணைப்பில் மின்தடை கூடும் என்று பாதிப் பேர் எழுதியிருப்பார்கள்; ‘ரெண்டு தடை வச்சா ரெண்டு மடங்கு தடுக்கும்’ என்பது அவர்கள் நியாயம். ரயில்வே கேட்டில் ஒரு பாதைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாதை திறந்தால் கூட்டம் குறைகிறதா கூடுகிறதா என்று கேட்டால் பிடித்துக்கொள்வார்கள்.

மின்தடை இல்லாமல் கம்பியை நேரே மின்கலத்தில் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். ஒருவன் அதைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் எல்லாரும் தீ வைப்பதிலேயே குறியாக இருப்பார்கள். அதை நீங்களே முதலில் செய்துகாட்டி, குறுக்குச் சுற்று என்று பெயரும் சொல்லிவிட்டால் ஆர்வம் அடங்கும். பொதுத்தேர்வுக்குக் குறியீட்டுப் படம்தான் வரைய வேண்டும். ஆகவே நிஜப்பொருள் படத்திலிருந்து குறியீட்டுப் படத்துக்கு மாற்றும் பொத்தானை அழுத்திக் காட்டி, அதையே நோட்டில் வரையச் சொல்லுங்கள்.

மிச்சமிருப்பது மதிப்பீட்டு வினாவுக்குப் பத்து நிமிடம், அச்சுக்கு ஐந்து நிமிடம். வினா ஐந்து போதும்: நேரடி வினா இரண்டு, கணக்கு இரண்டு, ‘ஏன்’ என்று கேட்பது ஒன்று. 2 ஓம், 3 ஓம் என்றால் தொடரில் 5, பக்க இணைப்பில் 1.2 என்பது போல விடை சுத்தமாக வரும் எண்களாகப் பாருங்கள். விடையையும் அதே கோப்பின் கடைசியில் எழுதிவிடுங்கள். திருத்தும்போது மறுபடி கணக்குப் போடும் நேரம் மிஞ்சும்.

ஜெமினி, சாட்ஜிபிடி போன்றவற்றிடம் வினா கேட்பதானால் ‘மின்னோட்டவியலில் வினா கொடு’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பாடநூல் பத்தியையே உள்ளே கொடுத்து, இதிலிருந்து மட்டும் ஐந்து வினா, இதே கலைச்சொற்களில், என்று கேளுங்கள். அப்போதும் ‘மின்தடை’ ஓரிடத்தில் ‘எதிர்ப்பு’ ஆகியிருக்கும், ஒரு கணக்கு விடை தப்பியிருக்கும். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். மாணவர் பெயர், மதிப்பெண் பட்டியல் எதையும் அதில் ஏற்றக் கூடாது.

காசில்லாமல் தினமும் வரும் தரவு

நாளிதழ்களின் மதுரைப் பதிப்பில் அணை நீர்மட்டம் வருகிறதே, அதைவிடக் கணக்கு வகுப்புக்குத் தோதான இலவச வளம் கிடைப்பது கஷ்டம். வைகை அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 71 அடி, முல்லைப் பெரியாறில் நீர் தேக்க அனுமதி 142 அடி. பத்து நாள் நீர்மட்டத்தை ஒரு மாணவி கரும்பலகை ஓரத்தில் எழுதிவந்தால் கோட்டு வரைபடம், சதவீதம், எதிர்மறை மாற்றம் என்று மூன்று பாடத்துக்கு அதுவே ஆகும். வைகை 71 அடிக்கு 60 அடி என்றால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், ஏறக்குறைய 84.5 வரும். அப்படியானால் தண்ணீரும் 84.5 சதவீதம் இருக்கிறதா என்ற அடுத்த கேள்விக்கு, இல்லை என்ற விடையைக் கண்மாயில் குளித்த பிள்ளை சொல்லிவிடும்: அடியில் குறுகி மேலே விரிந்துகொண்டே போகும் இடத்தில் கடைசி ஓர் அடிக்குப் பிடிக்கும் தண்ணீர் அதிகம்.

மல்லிகைப்பூ விலையும் அப்படித்தான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் விலை எகிறும். உதாரணத்துக்கு ஐந்து நாள் கிலோ விலை 400, 500, 450, 600, 2050 என்று வைத்துக்கொண்டால் சராசரி 800, இடைநிலை 500. நான்கு நாள் 600ஐத் தாண்டாத பூவுக்குச் சராசரி 800 என்பது சரியாகத் தோன்றுகிறதா என்று கேட்டால், இடைநிலை அளவு எதற்கு என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும். பூக்கட்டும் வீட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நிஜ விலையையே வாங்கிவரச் சொல்லலாம்.

பரப்பளவுக்குக் கூகுள் எர்த்தின் அளவுகோலால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் பக்கங்களை அளக்கச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை அதிலேயே ஓடிவிடும், ஆகவே வேறெதையும் அன்று சேர்க்க வேண்டாம்.

எடுத்ததைச் சரிபார்ப்பது

வாட்ஸ்அப்பில் வரும் பாடக்குறிப்பை அப்படியே ஒப்பமிட்டு வைப்பவர்கள் முதலில் மேல்மூலையைப் பார்ப்பது நல்லது. இன்னொரு மாவட்டப் பள்ளியின் பெயரும் இன்னோர் ஆசிரியரின் பெயரும் அங்கே உட்கார்ந்திருக்கும். பிறகு வகுப்பு, பருவம், அலகு எண் ஆகியவை இப்போதைய புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பழைய பாடத்திட்டக் கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

சமூக அறிவியலில் கூடுதல் கவனம் வேண்டும். கீழடியை மதுரை மாவட்டம் என்று போட்டிருக்கும் தாளைப் பார்த்தால் மற்ற தகவல்களையும் சந்தேகப்படுங்கள். மதுரைக்கு மிகப் பக்கம் என்றாலும் அது சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டம். கீழடியின் காலத்தைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டோடு நிறுத்தும் தாள் பழையது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட ஆய்வு முடிவில் ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. இந்த மாதிரித் தகவலுக்குத் துறையின் வெளியீட்டையும் பாடநூலையும் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

எழுத்துருத் தொல்லை தனி. பாடநூல் பிடிஎஃபிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் கண்டமேனிக்கு ஆங்கில எழுத்தும் குறியும் வருவதற்குக் காரணம், அது யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அமைந்திருப்பதே. படமாக வேண்டுமானால் திரைப்பிடிப்பு எடுத்து ஒட்டுங்கள். எழுத்தாக வேண்டுமானால் அந்தப் பக்கத்தைப் படமாகக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால் யூனிகோடில் மாற்றித் தரும். அட்டவணையும் இரு பத்திப் பக்கமும் கலைந்து வரும் என்பதால் பத்தி பத்தியாக வெட்டி ஏற்றுங்கள். வானவில், பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய வேர்டு கோப்பை யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசமாகக் கிடைக்கிறது.

அச்சில் நாற்பது பேருக்கு நாற்பது தாள் வேண்டாம். ஏ4இன் பாதியில் ஒர்க்‌ஷீட்டை அடக்கி இரண்டு பிரதியாக அமைத்தால் இருபது தாள் போதும். ஆறாம் வகுப்புக்கு எழுத்தளவு 14க்குக் கீழே போகாமலும், தொடக்க வகுப்புக்கு 20ஐ ஒட்டியும் வையுங்கள். வண்ணப் புகைப்படம் ஜெராக்ஸில் கருப்புக் கட்டியாகிவிடும். இலைப் படமோ இதயப் படமோ கோட்டோவியமாகத் தேடி எடுங்கள்.

சேமிப்பும் பங்கீடும்

கோப்பின் பெயர் இந்த வரிசையில் இருக்கட்டும்: வகுப்பு, பாடம், அலகு, என்ன பொருள், ஆண்டு. ‘10-அறிவியல்-04-மின்னோட்டவியல்-ஒர்க்‌ஷீட்-2025’. அலகு எண்ணை 04 என்று இரண்டு இலக்கத்தில் எழுதுங்கள். வெறும் 4 என்றால் கணினி சில இடங்களில் 10ஐ அதற்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசியிலும் கடைசி’ என்று பெயரிட்டவர்கள் அடுத்த ஜூனில் மூன்றையும் திறந்து பார்க்கும் தண்டனையை அனுபவிப்பார்கள்.

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒரே பாடம் எடுக்கும் ஐந்து பேர் சேர்ந்தால் பருவத்துக்கு ஆளுக்கு ஓரிரு அலகுதான் வரும். இதற்கு மூன்று விதி போட்டுக்கொள்ளுங்கள். யூனிகோடு எழுத்துரு மட்டும். வேர்டும் பிடிஎஃபும் சேர்த்து அனுப்ப வேண்டும், படமாக அல்ல, ஆவணமாக. அடுத்தவர் ஒருவர் விடைகளைப் போட்டுப் பார்த்த பிறகே எல்லாருக்கும் போக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகி மட்டுமே பதிவிடும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே வாரத்தில் காலை வணக்கத்துக்கு அடியில் ஒர்க்‌ஷீட் புதைந்துபோகும். கோப்புகளின் நிரந்தர இடம் கூகுள் டிரைவ் கோப்புறை. ஒருவர் கணக்கில் மட்டும் இருந்தால், அவர் மாறுதலில் தேனிக்குப் போய்க் கணக்கையும் மாற்றிவிட்டால் எல்லாம் போச்சு. ஆண்டு முடிவில் ஒரு பென்டிரைவ் பிரதி எடுத்துவிடுங்கள்.

பாடம் முடிந்த அன்றே, ஓய்வறையில் தேநீர் ஆறுவதற்குள், அந்தக் கோப்பின் கடைசியில் இரண்டு வரி சேருங்கள்: எது நேரம் அதிகம் இழுத்தது, எந்த வினாவில் பாதி வகுப்பு தடுமாறியது. ‘தீ விளையாட்டில் எட்டு நிமிடம் போச்சு, வினா 4இல் எண் பெரிது’ என்ற அளவு போதும்.